வெளிநாட்டுச் சேமிப்பு: விளாங்குடியில் மனையா, துபாயில் ஃபிளாட்டா?

வளைகுடாவில் பத்து வருடம் உழைத்துக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பெரும்பாலும் எது அதிக லாபம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொத்து யார் பெயரில் இருக்கும், நமக்குப் பின் அது எப்படிக் குடும்பத்தின் கைக்கு வரும் என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் ஊர்ச் சொத்து. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விளாங்குடி 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் போனால் நேற்றுவரை வயலாக இருந்த இடங்கள்கூட மனையாக விற்பனைக்கு வருகின்றன. அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அரசின் வரன்முறைத் திட்டம் பொருந்தும். தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, அந்த சர்வே எண் வக்ஃபு நிலமா, கோயில் நிலமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 100க்கு 9 ரூபாய் பத்திரப் பதிவுக்கே போய்விடும்.

அதிகம் பேர் தவறுவது பெயரில்தான். ஊருக்கு வர லீவு கிடைக்காமல், "அண்ணன் பேரிலேயே முடிச்சிருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்கில் வந்த பணத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு 2016இல் திருத்தப்பட்ட பினாமி சட்டம் விலக்கு தருகிறது. உடன்பிறந்தவர் அல்லது பெற்றோர் பெயரில் என்றால், பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், அண்ணன் வஃபாத்தான பிறகு சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். தம்பியிடம் பணம் அனுப்பிய ரசீது மட்டும் மிஞ்சும். நேரில் வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

துபாயில் வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு வாங்க 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் வழி செய்கிறது. பதிவுக் கட்டணம் 4 சதவீதம்தான். ஆனால் பராமரிப்புக் கட்டணம் வருடாவருடம் உண்டு. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் ரூபாய் மதிப்பு இறங்கும்போது லாபம். வட்டியில்லாத் தவணையில் விற்கும் கட்டுமான நிறுவனங்களும் உண்டு. ஊரில் வங்கிக் கடன் என்றாலே வட்டி என்று தயங்குபவர்களை இது ஈர்க்கிறது. ஆனால் 2008-09 வீழ்ச்சியில் அங்கே விலை பாதிக்குக் கீழே போனதையும், பல கட்டடங்கள் பாதியில் நின்றதையும் மறந்துவிடக் கூடாது. கட்டி முடியாத ஃபிளாட் என்றால், பணம் அந்தத் திட்டத்துக்கென உள்ள எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

ஊரில் இருப்பவர் இங்கிருந்து பணம் அனுப்பி வாங்க நினைத்தால், ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர்தான் வரம்பு. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் அங்கே வாங்கியதை ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்கலாம். ஆனால் இங்கே குடியிருப்பவராகிவிட்டால் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

விளாங்குடியில் இருக்கும் மனைவியும் உம்மாவும் நாளைக்கு அந்த ஃபிளாட்டில் தங்கள் பங்கைப் பெற, துபாய் நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். இங்குள்ள சான்றுகளை அரபியில் மொழிபெயர்த்து அத்தாட்சி பெற வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது சிறிய வேலை அல்ல. குடும்பத்தோடு அங்கேயே நீண்ட காலம் இருப்பவருக்குத் துபாய் பொருந்தலாம். தனியாக அங்கே இருந்து, சில வருடங்களில் ஊர் திரும்பப் போகிறவருக்கு என் யோசனை ஊர் மனைதான்.

ஜகாத்தில் நாட்டு வித்தியாசம் இல்லை. குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டால், சேர்ந்து மிஞ்சிய வாடகைப் பணத்துக்கு. விற்கும் எண்ணத்தில் வாங்கிய மனைக்கு ஒவ்வொரு வருடமும் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. விலை ஏறட்டும் என்று மனையைச் சும்மா போட்டு வைத்திருப்பவர்கள் இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.