ஓடத் தெரிந்தால் போதாது: பழைய கார்களின் பிரேக் வரலாறு

பழைய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் எங்கட பக்கத்தில் முதல் கேள்வி எஞ்சினைப் பற்றித்தான். "ஒரிஜினல் எஞ்சினா, மாத்தினதா? லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" அது எப்படி நிற்கும் என்று கேட்கிற ஆளைக் காண்பது அரிது. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கும்போது அரசர்களும் யாப்புகளும் வருகிறார்கள், பிரேக் வருவதில்லை. ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரக் கதை காரின் பிரேக் பெடலுக்குக் கீழேயும் இருக்கிறது.

பேலியகொடையில் தொடங்கும் ஏ3 வீதி நீர்கொழும்பைத் தாண்டி மாரவில, சிலாபம், முந்தல், பாலாவி வழியாகப் புத்தளம் வந்து சேர்கிறது. மலை கிடையாது, வளைவு குறைவு, அதனால் வேகம் தானாக வரும். அதே வீதியில்தான் சீமெந்து லொறி, கற்பிட்டியின் மரக்கறி லொறி, மீன் ஏற்றிய கூலர், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லாரும். நடுவே அறுபது வயது தாண்டிய மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ ஓடுகிறது.

இவ்வளவு வயதான கார்கள் இங்கே இன்னும் ஓடுவதற்கு ஆசை மட்டும் காரணம் இல்லை. காலனிக் காலமும் அதன் பின்னான பழக்கமும் பிரித்தானியக் கார்களை இங்கே கொண்டுவந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் இறுக்கப்பட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டுவதுதான் வழி. பிறகு ஜப்பானிய ரிகண்டிஷன் வாகனங்கள் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கதவு மூடிய ஒவ்வொரு முறையும் பழைய காரின் ஆயுள் நீண்டது.

மொரிஸ் மைனரையே எடுத்துப் பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வந்தபோது 918 சிசி எஞ்சின், சுமார் 27 குதிரைவலு. 1952இல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி என்று எஞ்சின் மாறிக்கொண்டே போய், கடைசியில் 48 குதிரைவலுவைத் தொட்டது. முன்சக்கர பிரேக் ட்ரம்? 1948இல் 7 அங்குலம். 37 குதிரைவலு எஞ்சின் வந்த 1956இலும் அதே 7 அங்குலம். 1962இல்தான் 8 அங்குலம் ஆனது. முதலில் வேகம், பிறகுதான் நிற்கும் பலம். உலகம் முழுக்க இதுதான் வரிசை. ஆனால் கணக்கு யாருக்காகவும் வளையாது: வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

பெடலை மிதித்த பலம் சக்கரத்துக்குப் போவது எப்படி? ஆரம்பகாலக் கார்களில் கம்பியும் கேபிளும்தான். ஒரு பக்கம் இறுக்கமாக, மறுபக்கம் தளர்வாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இதற்குத் தீர்வு, மூடிய திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதியில் இருந்தது. அதைக் காரின் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். தம்பி அலனோடு விமானக் கம்பனி தொடங்கிய அதே ஆள். 1921இல் டூசன்பேர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ரோலிக் பிரேக்கோடு வந்தது. மைனரில் இருப்பதும் லொக்ஹீட் முறைதான்.

ஹைட்ரோலிக் வந்தாலும் பலம் முழுக்க ஓட்டுநரின் காலுடையது. அந்தக் காலுக்கு உதவி தேடிய கதை தனி. ஹிஸ்பானோ சுய்சா 1919இல் காரின் ஓட்டத்திலிருந்தே பலம் எடுத்துப் பிரேக்குக்குக் கொடுத்தது. 1920களில் பெல்ஜியப் பொறியியலாளர் அல்பேர்ட் டுவாந்திர் வெற்றிடத்தைப் பிடித்தார். இன்றைக்கு கராஜில் 'பூஸ்டர்' என்று சொல்கிற வட்டச் சட்டியின் மூதாதை அதுதான். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, பாதி மூடிய திரொட்டில் தட்டுக்குப் பின்னால் பகுதி வெற்றிடம் உண்டாகும். சட்டிக்குள் இருக்கும் சவ்வின் ஒரு பக்கம் அந்த வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. சவ்வின் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்ரிமீற்றர். மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் கிடைத்தாலே 200 கிலோவுக்கு மேல் தள்ளுபலம். வெறும் காற்று!

அப்படியானால் மைனருக்கு ஏன் பூஸ்டர் வைக்கவில்லை? ட்ரம் பிரேக்கில் ஒரு குணம் இருக்கிறது. சுழலும் ட்ரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பாரம் குறைந்த காருக்கு அந்த உதவி போதும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. 1953இல் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு லு மான் பந்தயத்தை வென்றபின் உலகம் டிஸ்க் பக்கம் திரும்பியது. சூடானாலும் டிஸ்க் சோராது, ஆனால் கூடுதல் மிதி கேட்கும். பழைய காருக்கு முன்பக்கம் டிஸ்க் போட்டுவிட்டு "பெடல் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இலங்கையில் இன்னொரு முடிச்சும் உண்டு. எரிபொருள் செலவு தாங்காமல் பழைய பிரித்தானியக் கார்களுக்கு ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏற்றுவது இங்கே வழக்கம். ஆனால் வழமையான டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் அந்தத் தட்டு இல்லை. தட்டு இல்லாவிட்டால் வெற்றிடம் இல்லை. அதனால்தான் பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் ஒல்டர்னேற்றரின் பின்னால் ஒரு வெற்றிடப் பம்பு ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஏற்றினால் பூஸ்டர் வெறும் அலங்காரம்.

இதற்கு இன்னொரு பதிலும் உண்டு. 1955இல் சிட்ரோவென் டிஎஸ், பம்பு ஏற்றிய உயர் அழுத்த ஒயிலாலேயே பிரேக் பிடித்தது. 1970களில் பெண்டிக்ஸ் கம்பனியின் 'ஹைட்ரோ பூஸ்ட்' பவர் ஸ்டியரிங் பம்பின் ஒயில் அழுத்தத்தைப் பிரேக்குக்கும் பயன்படுத்தியது. வெற்றிடமே வேண்டாம் என்பதால் டீசலுக்கு நன்றாகப் பொருந்தும். எஞ்சின் நின்றாலும் சேமித்து வைத்த அழுத்தத்தில் ஓரிரு தடவை மிதிக்கலாம். ஆனால் மைனர் வயதுக் காருக்குப் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. பம்பு, பெல்ட், குழாய் எல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டும். சின்னக் காருக்கு இது பெரிய செலவு.

இந்த வகைப் பூஸ்டர்கள் எஞ்சினை நம்பியே இருக்கின்றன. 2022இல் எரிபொருள் வரிசையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரைத் தள்ளியவர்களுக்கு, சில மிதிகளுக்குப் பிறகு பெடல் இறுகுவது தெரிந்திருக்கும்.

இங்கேதான் எங்கள் வாதம். பூஸ்டர் காலின் பாரத்தைக் குறைக்கும்; அழுகிய குழாயைக் குணப்படுத்தாது. மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒயில் வழி, ஒரே மாஸ்டர் சிலிண்டர். அதுவும் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே. எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி என்ற இரட்டை அமைப்பை அமெரிக்கா 1960களின் பிற்பகுதியில் சட்டமாக்கியது. இங்கே ஓடும் பழைய கார்கள் பல அதற்கு முந்தியவை.

எங்கட கரையோரமோ உப்பளப் பூமி. களப்புக் காற்றும் கடற்காற்றும் இரும்புக் குழாயை வெளியிலிருந்து தின்னும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். அது உள்ளேயிருந்து தின்னும். அப்படித் தேய்ந்த குழாய்க்குப் பின்னால் 200 கிலோ தள்ளுபலத்தைப் பொருத்துவது, பலவீனத்தை வேகமாகக் கண்டுபிடிக்கிற வழி.

அதனால் காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. முதலில் குழாய், ரப்பர் ஹோஸ், சிலிண்டர், ஷூ. அடுத்து இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர். அதற்கும் பிறகுதான் டிஸ்க்கும் பூஸ்டரும். பெயின்ட்டும் க்ரோமும் கடைசிக்குக் கடைசி.

அறுபது வருடமாக எங்கள் கராஜ்கள் இந்தக் கார்களை ஓட வைத்த திறமை சாதாரணமானதில்லை. இறக்குமதி மூடிய காலங்களில் நாட்டையே ஓட வைத்த திறமை அது. அதே கைகளிடம் இனி முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது வாகனம் கொடுக்கிற நாங்கள்தான். ஏ3இல் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு எங்கள் எஞ்சின் ஒரிஜினலா என்பது முக்கியமில்லை.