ஃபயர்வால் கருவிகளின் நிலைகாட்டி விளக்குகள்

ஃபயர்வால் எனும் வலையமைப்புப் பாதுகாப்புக் கருவியில் மின்சாரம், இயக்கம், கேபிள் இணைப்பு, இணைக்கருவியுடனான உறவு ஆகியவற்றைத் தெரிவிக்கப் பொருத்தப்படும் சிறு எல்இடி விளக்குகள் நிலைகாட்டி விளக்குகள் எனப்படும். வலையமைப்பு முடங்கி, கணினி வழியே கருவிக்குள் நுழைய முடியாதபோது முதல் தகவலைத் தருபவை இவையே.

மின்கருவிகளின் விளக்கு நிறங்களுக்கு ஐஇசி 60073 என்ற சர்வதேச நெறி உண்டு: பச்சை சீரான நிலை, மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலை, சிவப்பு ஆபத்து. ஃபயர்வால்களில் இதை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். பெரிய அலுவலகங்களில் இரண்டு ஃபயர்வால்கள் ஜோடியாக இயங்கும். ஒன்று வேலை செய்ய, மற்றது அது விழுந்தால் பொறுப்பேற்கக் காத்திருக்கும். பாலோ ஆல்டோ நிறுவனத்தின் கருவிகளில், காத்திருப்பதன் ஹெச்ஏ விளக்கு (ஜோடி நிலையைக் காட்டுவது) மஞ்சளாக எரியும். சிஸ்கோ ஏஎஸ்ஏ 5510 கருவியின் ஆக்டிவ் விளக்கும் அப்போது செம்மஞ்சள்தான். இது பழுதன்று, ஜோடி சரியாக இருப்பதன் அடையாளம். அதே ஏஎஸ்ஏவின் ஸ்டேட்டஸ் விளக்கு செம்மஞ்சளானால், தொடக்கச் சோதனையில் கருவி தேறவில்லை என்று பொருள். ஆகவே நிறத்தோடு, விளக்கின் பெயரையும் அந்த மாடலின் கையேட்டையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு விளக்கின் இடமும் சிமிட்டலும்தான் துணை.

ஸ்டேட்டஸ் விளக்கு பச்சையில் சிமிட்டுவது பல கருவிகளில் தொடக்கச் சோதனை நடப்பதைக் குறிக்கும். மென்பொருள் மேம்படுத்தலின்போது இதைக் கோளாறாக எண்ணி மின்சாரத்தைத் துண்டித்தால், கருவி மீண்டும் எழாமலே போகலாம்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை போர்ட் விளக்குகள். எதிர்முனைக் கருவியின் மின்சமிக்ஞை கேபிள் வழியே வந்துசேர்ந்தால் இணைப்பு விளக்கு எரியும். தரவு போகும்போது சிமிட்டும். 64 பைட் அளவுள்ள ஒரு தரவுப் பொட்டலம் கிகாபிட் இணைப்பைக் கடக்க அரை மைக்ரோ நொடியே ஆகும். கண்ணுக்கு அது தெரியாது என்பதால், உள்ளிருக்கும் சில்லு ஒவ்வொரு சிமிட்டலையும் பல மில்லி நொடிகளுக்கு நீட்டிக் காட்டுகிறது. எனவே சிமிட்டும் வேகத்தை வைத்துப் போக்குவரத்தின் அளவைக் கணிக்க முடியாது. பாதுகாப்பு விதிகளும் இந்தச் சில்லுக்குத் தெரியாது. வரும் பொட்டலங்கள் அனைத்தையும் ஃபயர்வால் மறுத்துத் தள்ளினாலும், தவறான விதியால் அனைத்தையும் உள்ளே விட்டாலும், விளக்கு ஒரே மாதிரிதான் சிமிட்டும். பாதுகாப்பு நடக்கிறதா என்பதைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

இவ்விளக்குகளே தகவலைக் கசியவிடவும் கூடும். சில தொடர்புக் கருவிகளின் விளக்கொளியைத் தொலைவிலிருந்து அளந்து, கடந்துசெல்லும் தரவையே மீட்கலாம் என்று ஜோ லௌரியும் டேவிட் அம்ஃபிரஸும் 2002இல் காட்டினர். சிமிட்டலை நீட்டுவது இத்தகைய கசிவையும் தடுக்கிறது. 2017இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரூட்டரிலும் ஸ்விட்சிலும் புகுந்த தீநிரல் விளக்குகளை இயக்கிக் கேமராவுக்குத் தரவை அனுப்ப முடியும் என நிறுவினர். விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினால் இவ்வழி அடைபடும்; ஆனால் பழுது பார்க்க வருபவருக்கும் எதுவும் தெரியாது. கருவியைச் சன்னலில்லாத, கேமரா நுழையாத அறையில் வைத்தால் விளக்குகளை மறைக்காமலே இந்த ஆபத்தைக் குறைக்கலாம்.