கடிகாரங்கள் பேசிக்கொண்டன

லேபில் ஸ்டாப் கிளாக்கும் கையுமாக 20 அலைவு எண்ணிய நம்ம பசங்களுக்கு பெண்டுலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. (ரீடிங்கை எத்தனை பேர் நிஜமாகவே எடுத்தோம் என்பது வேறு விஷயம்!)

1665 பிப்ரவரி. ஹாலந்தின் ஹேக் நகரில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார். பெண்டுலக் கடிகாரத்தை உருவாக்கியவரே அவர்தான். நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று நின்றாலும் மற்றது ஓடட்டும் என்று இரண்டு கடிகாரங்கள் செய்து அருகருகே தொங்கவிட்டிருந்தார். பார்த்தால், ஒரு பெண்டுலம் இடப்பக்கம் போகும்போது மற்றது கச்சிதமாக வலப்பக்கம் போகிறது! வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரை மணிக்குள் பழையபடி சேர்ந்துகொண்டன.

காற்றுதான் காரணமோ என்று நடுவே பலகை வைத்து மறைத்தார். ஊஹூம். கடைசியில் பிடிபட்டது, இரண்டையும் தாங்கிய கட்டை! பெண்டுலங்கள் ஒரே பக்கம் ஆடினால் கட்டையும் லேசாக அசைந்து, ஆட்டத்தின் சக்தியைத் தின்றுவிடும். எதிரெதிராக ஆடினால் இரண்டு உந்தலும் ஒன்றையொன்று அடித்துவிடும், கட்டை சும்மா இருக்கும். அதனால் அந்த ஆட்டம்தான் நிலைக்கிறது.

கண்ணுக்கே தெரியாத அசைவுக்கு இந்தப் பாடு என்றால் கப்பலில் என்ன கதி என்று லண்டன் ராயல் சொசைட்டியில் சந்தேகம் கிளம்பிவிட்டது. கடல் கடிகாரத்தை 18ஆம் நூற்றாண்டில் சாதித்துக் காட்டிய ஜான் ஹாரிசன் அதில் பெண்டுலமே வைக்கவில்லை.