நாட்டுக்கோழி முட்டையில் சத்து அதிகமா? கோழி இனம் எதை மாற்றுகிறது?

கோவையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது வடகரப்பதி. கேரளத்தின் மற்ற ஊர்களைப் போலவே இந்த எல்லைப் பகுதிக்கும் நாமக்கல் முட்டை நன்கு பழக்கம். ஆனாலும், 'பிள்ளைக்கு நாட்டுமுட்டைதான் சத்து' என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் காசுக்குக் கூடுதல் சத்து கிடைக்கிறதா?

இனம் தீர்மானிப்பது என்ன?

முட்டையின் எண்ணிக்கை, அளவு, ஓட்டின் நிறம். வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக்கோழி ஆண்டுக்குச் சுமார் 300 வெள்ளை முட்டை இடும். நாட்டுக்கோழி 100-ஐத் தாண்டுவது அரிது. விலை வித்தியாசத்துக்கு இதுவே முக்கியக் காரணம். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை.

புரதம் எவ்வளவு?

50 கிராம் பண்ணை முட்டையில் சுமார் 6 கிராம். நாட்டுமுட்டை பெரும்பாலும் 40 கிராம்தான். அதில் சுமார் 5 கிராம். அதே எடைக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய முட்டையில் மஞ்சள் கருவின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்பதால், அதிலுள்ள கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் சற்றுக் கூடலாம்.

அப்போ, எது மாற்றுகிறது?

தீவனமும் வெயிலும்தான். கீரை, புல், மக்காச்சோளம் தின்றால் கரு அடர் மஞ்சளாகும். வெயிலில் மேய்ந்தால் வைட்டமின் டி கூடும். ஆளிவிதை கொடுத்தால் ஒமேகா-3 கூடும். நாட்டுக்கோழியையே கூண்டில் அடைத்துப் பண்ணைத் தீவனம் போட்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும்.

எதை வாங்கலாம்?

'என்ன கோழி?' என்பதைவிட, 'எங்கே மேயுது, என்ன தின்னுது?' என்று கேளுங்கள். ஒரு நாட்டுமுட்டை விலைக்கு இரண்டு வெள்ளை முட்டை கிடைத்தால், பிள்ளைக்குக் கிடைக்கும் புரதம் 5 கிராம் அல்ல, 12 கிராம்.