எத்தனால் இல்லாத பெட்ரோல்: நம்ம வண்டிக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகின்றன என்று சொல்லும் காணொளிகள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். பார்த்ததும் ஒரு கேள்வி வரும்: நம்ம ரோன்95-லயும் எத்தனால் இருக்கா?

கிள்ளானில் புல் வெட்டும் வேலை எடுத்துச் செய்பவருக்கும், இரவுச் சந்தையில் ஜெனரேட்டர் வைத்துக் கடை போடுபவருக்கும் இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. மெஷின் ஒரு நாள் நின்றால் அன்றைய சம்பாத்தியமும் நிற்கும். அதனால் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எத்தனால்னா என்ன? ஏன் கலக்குறாங்க?

எத்தனால் ஒரு வகை ஆல்கஹால். கரும்பு, சோளம், அரிசி போன்றவற்றை நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். பெட்ரோலோடு 10 விழுக்காடு கலந்தால் அது இ10. 20 விழுக்காடு என்றால் இ20. ஒன்றுமே கலக்காதது இ0, அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோல்.

கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது, விவசாயிகளுக்கு வருமானம், புகையைக் குறைப்பது ஆகியவைதான் அரசாங்கங்கள் சொல்லும் காரணங்கள். பிரேசில் 2025 ஆகஸ்ட் முதல் 30 விழுக்காடு கலக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 சாதாரண பெட்ரோலானது. இந்தியா 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது.

நம்ம நாட்டுல என்ன நிலைமை?

பெட்ரோலில் எத்தனால் கலந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மலேசியா கொண்டுவரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நீங்கள் போடும் ரோன்95, ரோன்97 இரண்டுமே பொதுவாக எத்தனால் கலக்காத பெட்ரோல்தான்.

இதற்குக் காரணம் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. பிரேசிலுக்குக் கரும்பு, அமெரிக்காவுக்குச் சோளம் என்றால், நமக்குச் செம்பனை. செம்பனை எண்ணெயிலிருந்து கிடைப்பது பயோடீசல். அதனால்தான் இங்கே கலப்பு டீசலில் நடக்கிறது. 2011-இல் 5 விழுக்காட்டில் தொடங்கியது, 2019 பிப்ரவரியில் போக்குவரத்து டீசலுக்கு 10 விழுக்காடானது. பம்பில் 'பி10' என்று பார்க்கிறீர்களே, அது டீசலுக்குரியது. அதை இ10 என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெட்ரோலின் ஆக்டேனை உயர்த்த எம்டிபிஇ என்ற வேறொரு பொருளும் உண்டு. குவாந்தான் அருகே கெபெங்கில் பெட்ரோனாஸ் குழுமத்தின் ஆலை இதைத் தயாரிக்கிறது. நிலத்தடி நீரில் கலக்கும் என்ற கவலையால் அமெரிக்கா 2006 வாக்கில் எம்டிபிஇ-யைக் கைவிட்டு எத்தனாலுக்கு மாறியது.

எத்தனால் என்ஜினை என்ன செய்யும்?

முதலாவது, சக்தி. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் இ10 போட்டால் சுமார் 3 விழுக்காடு மைலேஜ் குறையும். இ10-க்கு ஏற்ப அமைந்த பழைய வகை கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என்று இந்தியாவின் நிதி ஆயோக் 2021-இல் கணித்தது.

இரண்டாவது, தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு லிட்டர் இ10-இல் சுமார் ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்ந்தாலே போதும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, டாங்கியின் அடியில் தங்கிவிடும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கு போல வருஷம் முழுக்க ஈரப்பதமான இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, பாகங்கள். பழைய ரப்பர் குழாய்களும் வளையங்களும் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். பழைய டாங்கியில் ஒட்டியிருக்கும் கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும்; அது ஃபில்டரில் போய் அடைக்கும்.

புது கார்களுக்கு இதெல்லாம் பெரிய தலைவலி இல்லை. பாகங்கள் அதற்கேற்ற பொருளில் செய்யப்பட்டிருக்கும். பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள், புல் வெட்டும் மெஷின், செயின்சா, ஜெனரேட்டர் இவற்றுக்கு அந்த வசதி கிடையாது. கலவை மெலிந்து என்ஜின் அதிகமாகச் சூடாகும். அமெரிக்காவில் சிறிய என்ஜின்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் உள்ள பெட்ரோல் போடவே அனுமதி இல்லை.

அப்போ மெஷினுக்கு ரோன்97 போடணுமா?

வேண்டியதில்லை. அமெரிக்க யூடியூப் காணொளிகள் 'எத்தனால் இல்லாத உயர்ரக பெட்ரோல் வாங்குங்கள்' என்று சொல்வதற்குக் காரணம், அங்கே சாதாரண பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் இருப்பதுதான். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. ரோன் என்ற எண், பெட்ரோல் 'நாக்' அடிக்காமல் எரியும் திறனைக் காட்டுகிறது. சுத்தத்தையோ எத்தனால் அளவையோ அது காட்டாது. கையேடு உயர்ந்த ரோன் கேட்காவிட்டால் ரோன்95 போதும். பூடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கியபோது தகுதியுள்ள மலேசியர்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். அதை விட்டுவிட்டு மெஷினுக்காக ரோன்97 போடுவது வீண் செலவு.

எத்தனால் இல்லைன்னா மெஷின் ஏன் ஸ்டார்ட் ஆகல?

பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான் காரணம். எத்தனால் இல்லாத பெட்ரோலும் கெட்டுப்போகும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால், மிச்சம் பிசின் போல மாறி கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைத்துவிடும். செய்ய வேண்டியவை இவை:

• ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். எரிபொருள் வாங்கவும் வைக்கவும் உரிய கொள்கலனையே பயன்படுத்துங்கள். தண்ணீர் பாட்டில் ஆபத்து. மானியப் பெட்ரோலைக் கொள்கலனில் வாங்கக் கட்டுப்பாடுகள் உண்டு, நிலையத்தில் முதலில் கேளுங்கள்.

• டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்கு கையேடு சொல்லும் அளவில் 2டி எண்ணெய் கலக்குங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25:1 என்றால் 40 மில்லிலிட்டர். கலந்த தேதியை மேலே எழுதி வையுங்கள்.

• சில வாரங்களுக்கு மெஷினைத் தொட மாட்டீர்கள் என்றால், டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரும் காலியாகிவிடும்.

• 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் வந்தது போன்ற வெள்ளத்தில் மெஷின் மூழ்கினால், உடனே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எரிபொருளையும் என்ஜின் எண்ணெயையும் முழுதாக வடித்துவிட்டுப் பட்டறையில் காட்டுங்கள்.

ஹட்யாய் போறீங்களா? பம்பைப் பார்த்துப் போடுங்க

எல்லையைத் தாண்டியதும் கதை மாறும். தாய்லாந்தில் 'கேஸோஹால்' 91, 95 என்று விற்பது 10 விழுக்காடு எத்தனால் கலந்தது. இ20-ம் இருக்கிறது. இ85 என்பதில் எத்தனால் 85 விழுக்காடு வரை இருக்கும். அதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளைத் தவிர வேறு எதிலும் போடக்கூடாது. எத்தனால் இல்லாததற்கு அங்கே 'பென்சின்' என்று பெயர். எல்லா நிலையங்களிலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

கிளம்புவதற்கு முன் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். இ10 என்று குறிப்பிட்டிருந்தால் கேஸோஹால் 95 போட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே எழுதவில்லை, வண்டியும் பழையது என்றால், எல்லைக்கு முன்பே டாங்கியை நிரப்பிக்கொண்டு, அங்கே பென்சின் தேடுவது நல்லது. திரும்பி வந்ததும் மிச்சமிருக்கும் கேஸோஹாலை வண்டியிலேயே ஓட்டித் தீர்த்துவிடுங்கள். புல் வெட்டும் மெஷினுக்கு ஊற்றி வைக்காதீர்கள்.