கொட்டியாரம் முதல் அரிப்பு வரை

முதுகில் ஒரு பையுடன், கையிற் சிறு தொகையோடு, ஐரோப்பாவின் பழைய நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிக் காணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு இளைஞரிடையே வேரூன்றியது. செருமானியப் பள்ளியாசிரியராகிய றிச்சார்ட் ஷிர்மன் என்பார் 1909இல் இளைஞர் விடுதி என்னும் எண்ணத்தை வெளியிட்டார். 1912இல் அல்தெனாக் கோட்டையில் முதல் நிலையான விடுதி திறக்கப்பட்டது. அன்று முதல் எளிய செலவில் நெடுந்தூரம் செல்வது ஓர் இயக்கமாயிற்று. மேலைநாட்டார் இதனைப் புதுமையென எண்ணியதில் வியப்பில்லை. ஆயின் சத்திரமும் மடமும் சுமைதாங்கிக் கல்லும் கட்டுச்சோறும் அறிந்த தமிழர்க்கு இஃது அத்துணைப் புதிதன்று. வடபுலத்திலிருந்து திருக்கோணேசுவரம், வெருகல், திருக்கோவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் எந்த விடுதியின் விலைப்பட்டியலையும் பார்த்துப் புறப்பட்டதில்லை.

அடியவர் நடை விருப்பத்தால் நிகழ்வது. உயிர்ப்பிழைப்புக்காகப் பொதி சுமந்து, அப்பொதியையே உணவாகவும் மறைவாகவும் கொண்டு, ஈழத்தின் தொல்பெருநகரொன்றினூடே நடந்து சென்ற இரண்டு ஆங்கிலேயரின் வழிநடை வேறு வகையானது. அக்கதையின் தொடக்கம் லிங்கநகரை அடுத்த திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலுக்குத் தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவிலேயே அமைந்தது. றொபேட் நொக்ஸ் என்னும் பெயர் கல்லூரி மாணவர் பலர்க்கும் தெரிந்ததே. அவன் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தான் என்பதை எல்லாரும் கூறுவர். எவ்வாறு வெளியேறினான் என்பதைக் கூறுவோர் சிலரே.

ஆன் என்னும் கப்பல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் 1658 சனவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. அதன் தலைவரின் பெயரும் றொபேட் நொக்ஸ். உடன் வந்த மகனின் பெயரும் அதுவே. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய பெரும்புயலிற் கப்பலின் பாய்மரம் முறிந்தது. புதுமரம் நாட்டவும் சிறிது துணி விற்கவும் கப்பல் கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. அக்காலத்திற் கொட்டியாரம் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்குட்பட்டிருந்தது. அரசனுக்கு மடலோ கையுறையோ அனுப்பாது அந்நியர் துறையிற் பன்னாள் தங்கினர். இப்பிழையே பின் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் காரணமாயிற்று என்று மகன் பிற்காலத்தில் எழுதினான். அரசனின் திசாவை படையுடன் வந்து, புளியமரத்தடியில் அமர்ந்திருந்த கப்பல் தலைவரையும் அவருடன் நின்றோரையும், பின்னர் மரம் வெட்டச் சென்ற மாலுமிகளையும் பிடித்துக்கொண்டான். பிடிபட்டோர் பதினாறு பேர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி நின்று நோக்கத்தக்கது. 1660 ஏப்பிரல் 4ஆம் நாள் சிறைப்பட்டபோது மகனுக்கு வயது பத்தொன்பது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரச் செய்தல் வேண்டும் என்ற கருத்துடன் திசாவை இளைஞனைக் கப்பலுக்கு அனுப்பினான். கப்பலேறிய இளைஞன், கப்பல் தப்பிச் செல்வதற்கு வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி கரைக்கு மீண்டான். அன்று அவன் கப்பலிலேயே தங்கியிருப்பின் தடுப்பார் எவருமில்லை. மூதூரருகே 1893இல் நாட்டப்பட்ட கல் அம்மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று குறித்து, ஆன் கப்பலின் தலைவன் அங்கே சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டு கண்டியரசனிடம் இருந்தான் என்று கூறுகிறது. தந்தையையும் மகனையும் ஒருவராக்கிய பிழை இது. கப்பல் தலைவராகிய தந்தை ஓராண்டும் நிறையாமல், 1661 பெப்பிரவரி 9ஆம் நாள் பண்டார கொஸ்வத்தையிற் காய்ச்சலால் இறந்தார். பத்தொன்பது ஆண்டும் மகனுக்கே உரியவை.

கண்டி நாட்டிற் கைதிகள் மதிலுக்குள் அடைக்கப்படவில்லை. ஊர்தோறும் பிரித்து வைக்கப்பட்டு, ஊரார் அளிக்கும் உணவில் வாழ்ந்தனர். நாடே சிறையாயிருந்தது, மலையும் காடும் வழிதோறும் அமைந்த முட்கடவைகளுமே மதில்கள். உணவு கிடைத்ததேயன்றி உடை கிடைக்கவில்லை. ஆகவே ஆங்கிலேயர் நூலால் தொப்பி பின்னக் கற்றனர். மூன்று பென்னி பெறுமதியான நூலிற் பின்னிய தொப்பி ஒன்பது பென்னிக்கு விலைபோயிற்று. எல்லாரும் பின்னத் தொடங்கியதும் தொப்பிகள் பெருகி விலை விழுந்தது. பொருளியல் பயிலும் மாணவர் வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. தொப்பி மலிந்தபோது நொக்ஸ் நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். பன்றியும் கோழியும் ஆடும் வளர்த்தான். இறுதியிற் பொதி சுமந்து ஊரூராகச் செல்லும் சில்லறை வணிகனானான்.

எலதத்தை என்னும் ஊரில் நொக்ஸும் வேறு மூன்று ஆங்கிலேயரும் சேர்ந்து வாழ்ந்தனர். அவருள் இருவர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பத்தராயினர். எஞ்சிய இருவர் நொக்ஸும் ஸ்தீபன் றட்லன்ட் என்பவனும். இவ்விருவருமே பின்னர்த் தப்பியோடியவர் என்பதை நினைவிற் கொள்க. மணமாகி மனையும் மக்களும் உடையவர்க்கு அந்நாடே ஊராகிவிட்டது. அதனைக் கோழைமை என்று பழித்தல் தகாது.

கண்டி நாட்டு வழிக்காவலைப் பற்றி நொக்ஸ் தரும் குறிப்பு மிக அரியது. கடவைகளைக் கடப்போர்க்குக் களிமண்ணிற் பதித்த முத்திரைகள் கொடுக்கப்பட்டன. எழுத்தறியாக் காவலனும் அடையாளங் காணும்படி அவற்றில் உருவங்களே பொறிக்கப்பட்டிருந்தன. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி சுமந்த உருவம். தொழிலாளிக்குத் தண்டின் இருமுனையிலும் பைகள் தொங்கத் தோளிற் சுமந்த உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய உருவம். எத்தனை பேரோ அத்தனை உருவம் பொறித்தல் வேண்டும். நொக்ஸும் றட்லன்டும் தப்பும் வழியைத் தேடியபோது நம்பியது வாளும் தொப்பியும் உடைய வெள்ளையன் உருவை அன்று. பை சுமந்த தொழிலாளியின் உருவைத் தம் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டனர். எட்டு ஒன்பது ஆண்டுகளாக வடக்கு நோக்கி மீண்டும் மீண்டும் வணிகத்துக்குச் சென்றனர். புகையிலை, மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு, இரும்புப் பண்டங்கள் ஆகிய மலைநாட்டுப் பொருள்கள் தாழ்நிலத்தில் அருமையாயிருந்தன. ஊரார் அவரை அறிந்தனர். இவர் எங்கே செல்கிறார் என்று கேளாமல், என்ன விலை என்று கேட்கப் பழகினர். ஒரு மனிதன் வேற்று நாட்டில் ஐயுறவின்றி நடமாட இதனினும் சிறந்த சீட்டு வேறில்லை.

முயற்சி எளிதில் முடியவில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது; கிணறுகள் வற்றின; நீரில்லாக் காட்டினுட் செல்ல வழியின்றித் திரும்பினர். கலங்கல் நீரைக் குடித்துக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டனர். அதற்கு மருந்தாகக் கஞ்சா இலையை இடித்துக் கருப்பட்டியுடன் கலந்து காலை மாலை வெறுவயிற்றில் உண்ணும் நாட்டு முறையை மேற்கொண்டனர். (இதே இலையைப் பற்றி 1689இல் இலண்டன் அரச கழகத்தில் அறிஞர் றொபேட் ஹூக் உரையாற்றினார். நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே.)

1679 செத்தெம்பர் 22ஆம் நாள் இருவரும் இறுதியாகப் புறப்பட்டனர். நுவரகலாவியாவில் அப்பகுதித் தலைவனின் மனைக்கே நேரே சென்று, உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்ததாகக் கூறினர். ஒளித்து ஓடுபவன் தலைவன் வாயிலைத் தட்டான் என்பதே அவர்தம் கணக்கு. அவர் அங்கிருக்கும்போதே அரசனிடமிருந்து வீரர் சிலர் வந்து, காவலைக் கடுமையாக்குமாறு கட்டளை கொணர்ந்தனர். நெஞ்சு பதறியும் முகத்திற் காட்டாது, வந்த வீரர்க்கு வெற்றிலையும் புகையிலையும் கொடுத்து உரையாடினர். பின்னர்த் தலைவனிடம் சிறிது வெடிமருந்தைக் கொடுத்து, தாம் அநுராதபுரம் சென்று திரும்புவதற்குள் மான் வேட்டையாடி வைக்குமாறு வேண்டிக்கொண்டனர். திரும்பி வருவதாகக் காட்டிய இக்கையுறையே திரும்பாமற் செல்ல விடை தந்தது.

அநுராதபுரத்தில் அவர் கண்டது நகரமன்று. காடு சூழ்ந்த பெருவெளி. அதனைச் சுற்றிச் சிற்றூர்கள். செதுக்கிய கருங்கற் றூண்களும் குவிந்து கிடந்த கற்களும். தொண்ணூறு அரசர் அங்கு ஆண்டனர் என்று மக்கள் கூறியதை நொக்ஸ் குறித்துள்ளான். பண்டைய பெருமை முழுதும் அவன் அறியான்; எனினும் கல்லைப் பார்த்து நின்றான் என்பது அவன் எழுத்தாற் புலனாகிறது. அங்குள்ளோர் தமிழராயிருந்தனர். இவர் பேசிய சிங்களம் அவர்க்கு விளங்கவில்லை. சிங்களம் அறிந்த ஒருவன் வரும்வரை இரு தரத்தாரும் ஒருவரையொருவர் நோக்கியபடி நின்றனர். மூன்று நாள் அங்கே வணிகர் போலத் தங்கி அரிசியும் பிறவும் வாங்கினர். யாழ்ப்பாணம் செல்லும் பெருவழியில் காவல் இருப்பதறிந்து அதனை விடுத்து, அக்தோபர் 12ஆம் நாள் பின்வாங்கி மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றினர். தமிழர் அருவியாறு என வழங்கும் அந்த ஆறு அரிப்பருகே கடலிற் கலப்பது.

அவர் சுமந்தவற்றின் பட்டியல் இன்றைய பயணியும் பயன்படுத்தத்தக்கது. பத்து நாளைக்குரிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு; சமைக்க ஒரு பாத்திரம்; நீர் முகக்கச் சுரைக்குடுக்கை இரண்டு; மழைக்குக் கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை இரண்டு; கருப்பட்டியும் தின்பண்டமும்; புகையிலை, வெற்றிலை; ஒன்று தவறின் மற்றொன்று உதவ இரண்டு மூன்று தீமூட்டிப் பெட்டிகள்; முட்காட்டிற் காலுக்குச் செருப்புத் தைக்க ஒரு மான்தோல். ஆளுக்கொரு நீண்ட கோலின் முனையிற் சிறு கோடரி; இடையில் ஒரு கத்தி. தேவைக்கு மேற்பட்டது ஒன்றுமில்லை. தேவையில் ஒன்றும் குறையவில்லை. தாளிப்பனை ஓலையின் கீழ் உறங்குதல் அந்நாட்டுப் படைவீரரும் வழிப்போக்கரும் கைக்கொண்ட முறையே. ஆங்கிலேயர் கொண்டுவந்த அறிவு அப்பொதியில் மிகக் குறைவு. இருபதாண்டிற் கற்ற ஈழத்து அறிவே மிகுதி.

ஆற்றங்கரை வழியில் மனிதரைக் கண்டால் ஒளிந்தனர். ஒருமுறை கரையோரத்துப் பொந்துமரமொன்றினுட் சேற்றில் நனைந்து இருள் சூழும்வரை அமர்ந்திருந்தனர். இரவில் நெருங்கிய யானையைக் கொள்ளிக்கட்டை எறிந்து விரட்டினர். கண்டியரசனின் எல்லை கடந்து வன்னிநிலம் புகுந்தபின்னும் அச்சம் நீங்கவில்லை. நொக்ஸ் குறிக்கும் அந்நில வன்னியன் கயிலை வன்னியனே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். அவன் கையில் அகப்படின் கண்டிக்குத் திருப்பி அனுப்பப்படுவோமோ என்று அஞ்சினர். அந்நிலையில் மரநிழலிற் சோறாக்கிக்கொண்டிருந்த அந்தணர் இருவரைக் கண்டு வழி கேட்டனர். ஐந்து சிலிங் பெறுமதியான பொருளும், நொக்ஸின் சிவந்த தூனிசுத் தொப்பியும் ஒருவர்க்கு. றட்லன்டின் கத்தி மற்றவர்க்கு. அந்தணர் இரங்கி வழிகாட்டினர். சிறைநாட்டிற் சோறளித்த ஊரார், வன்னியில் வழிகாட்டிய அந்தணர் ஆகியோர் இன்றேல் இக்கதை நிகழ்ந்திராது. 1719இல் டானியல் டீபோ எழுதிய றொபின்சன் குரூசோவுக்கு நொக்ஸின் நூல் துணைசெய்தது என்பர். குரூசோ ஆளில்லாத் தீவில் வாழ்ந்தான்; நொக்ஸ் மக்கள் நிறைந்த தீவில் அவர்தம் சோற்றை உண்டு வாழ்ந்தான். கற்பனைக்கு அந்த வேறுபாடு சிறிதாகலாம். வரலாற்றுக்கு அஃது ஒருபோதும் சிறிதன்று.

அக்தோபர் 18ஆம் நாள், சனிக்கிழமை, மாலை நான்கு மணியளவில் இருவரும் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். கீழ்க்கடற் றுறையிற் பிடிபட்டவன் மேல்கடற் கரையில் விடுதலை பெற்றான். அங்கிருந்து மன்னார்க்கும், மன்னாரிலிருந்து கொழும்புக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். மறு ஆண்டு செத்தெம்பரில் இலண்டன் சேர்ந்தனர். 1681இல் நொக்ஸின் இலங்கை வரலாறு அச்சேறியது. கொழும்பிலே இவரைக் காண மக்கள் திரண்டனர். நீண்ட தாடியும் கண்டியர் உடையுமாக, கருமையும் வெண்மையுமான கற்கள் பாவிய ஒல்லாந்த தேசாதிபதியின் மண்டபத்தில் அவர் வெறுங்காலுடன் நின்றனர்.