போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகள்

வீதியில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டி உயிரிழந்த இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைப் பணியில் பல செய்திகள் எழுதியுள்ளேன். வேகத்தை விரும்புபவனிடம் "ஓடாதே" என்பதால் மட்டும் பயனில்லை. ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் வீதி வேகத்தை மணிக்கு 20 மைலாக வரையறுத்தது. 1907இல் புரூக்லண்ட்சில் தனி ஓடுதளம் அமைந்தது. தனக்கெனச் சட்டமன்றம் கொண்ட மான் தீவில், அதே ஆண்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள் பந்தய ஆர்வலர்களுக்குக் கிடைத்தன. 1948இல் சில்வர்ஸ்டோனில் பந்தயம் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரமும், எமது நாட்டில் களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தவும் அவ்வாறே பந்தயக் களங்களாயின. சோழவரத்தின் இடத்தை 1990இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் பெற்றது.

இன்று பல நாடுகளில், பந்தய வீரரல்லாத சாதாரண ஓட்டுநர்களுக்கென ஓடுதளங்களில் பயிற்சி நாட்கள் ஒழுங்கு செய்யப்படுகின்றன. காலையில் வாகனமும் தலைக்கவசமும் தோலாடையும் பரிசோதிக்கப்படும். கொடிகளின் பொருள் விளக்கப்படும். அனுபவத்திற்கேற்பக் குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்குச் சுமார் 20 நிமிடங்கள் வீதம் ஓடுவர். புதியவர்கள் முந்திச் செல்வதற்குக் கடும் விதிகளுண்டு. பரிசில்லை, வெற்றி தோல்வியில்லை. சிவப்புக் கொடி அசைந்தால் அனைவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். அம்புலன்ஸ் வண்டி காயமடைந்தவருடன் வெளியேறினால், மாற்று வண்டி வரும்வரை ஓட்டம் நிற்கும்.

ஆயினும், ஓடுதளக் கட்டணமும் தோலாடையின் விலையும் சாதாரண இளைஞனுக்கு எட்டாதவை. நான் எழுதிய மரணச் செய்திகளில் இடம்பெற்றோர் பெரும்பாலும் அத்தகையோரே. அவர்களுக்கும் அந்த இடம் திறக்கப்பட வேண்டும் என்பதே எனது கருத்து.